சிறிய கேம்பர் டிரெய்லரில் சக்கரம் உரசுகிறது: இடைவெளியைக் கூட்டுவது எப்படி?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் வசிக்கிறோம். நானும் என் மைத்துனரும் சேர்ந்து, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும்படி 8 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட சிறிய கேம்பர் டிரெய்லர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். 50 மி.மீ. சதுர ஆக்சில், அதற்கு அடியில் நான்கு பட்டைகள் கொண்ட லீஃப் ஸ்பிரிங், 155/80 R13 டயர்கள். சக்கரங்கள் தரைப் பலகைக்கு அடியிலேயே வருகின்றன. டயருக்கு நேர் மேலே சேஸின் குறுக்கு ஆங்கிள் ஓடுகிறது. காலியாக நிற்கும்போது டயருக்கும் ஆங்கிளுக்கும் இடையில் 55 மி.மீ. இருக்கிறது. மெத்தை, அடுப்பு, தண்ணீர், பேட்டரி என 200 கிலோ ஏற்றினால் அது 30 மி.மீ. ஆகிறது. முழுச் சுமையுடன் எடை மேடையில் வைத்தபோது 620 கிலோ. சோதனைக்காகத் தோட்டத்துப் பாதையில் இழுத்துப் பார்த்ததில், வரப்பு ஏறி இறங்கும் இடத்தில் டயர் உரசிய தடம் தெரிகிறது. சின்ன டயர் போடுவதா, பட்டை கூட்டுவதா, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பதா? வால்பாறை வரை கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் ஆசை.

பதில்: மூன்று வழிகளைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வண்டிக்கு அவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. மூன்றாவது வழி நிலைமையை இன்னும் மோசமாக்கும். காரணத்தைச் சொல்வதற்கு முன், எவ்வளவு இடைவெளி தேவை என்பதை முதலில் கணக்கிட்டுவிடுவோம். தேவை எவ்வளவு என்று தெரியாமல் வெல்டிங் மிஷினை எடுப்பதால்தான் பல டிரெய்லர்கள் இரண்டு முறை, மூன்று முறை வெட்டி ஒட்டப்படுகின்றன.

நின்றிருக்கும் வண்டியில் தெரியும் இடைவெளியை வைத்து முடிவு செய்யக் கூடாது. பள்ளத்தில் விழுந்து எழும் கணத்தில் சக்கரம் உடலை நோக்கி எவ்வளவு மேலே வரும் என்பதே கேள்வி. அதற்கான விடை நீங்கள் அனுப்பிய எண்களிலேயே இருக்கிறது. 200 கிலோ ஏற்றியபோது 25 மி.மீ. இறங்கியிருக்கிறது, அப்படியானால் இரண்டு பக்கப் பட்டைகளும் சேர்ந்து, ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறத்தாழ 8 கிலோ கேட்கின்றன. மொத்த எடையான 620 கிலோவில், காரின் கொக்கி தாங்கும் சுமையாகச் சுமார் 60 கிலோவையும், பட்டையின் மேல் உட்காராத ஆக்சில், ஹப் (சக்கரம் பூட்டப்படும் குடம்), சக்கரங்களின் எடையாகச் சுமார் 80 கிலோவையும் கழித்தால், பட்டை தாங்குவது 480 கிலோ. அதை 8-ஆல் வகுத்தால் 60 மி.மீ. வருகிறது, முழுச் சுமையில் பட்டை ஏற்கெனவே அமுங்கியிருக்கும் அளவு இதுதான். வேகத்தடையிலோ பள்ளத்திலோ பட்டையின் மேல் விழும் விசை ஒரு கணம் இரு மடங்காகும் என்று வைத்துக்கொண்டு வடிவமைப்பது நல்ல நடைமுறை. அப்போது பட்டை இன்னொரு 60 மி.மீ. அமுங்கும். அதன் மேல் 25 மி.மீ. பாதுகாப்பு இடைவெளி சேர்த்தால், முழுச் சுமையோடு நிற்கும்போது உங்களுக்கு 85 மி.மீ. வேண்டும். இருப்பது 30. பற்றாக்குறை 55 மி.மீ.

உங்கள் 200 கிலோ உத்தேசக் கணக்கு என்றால், 50 கிலோ சிமென்ட் மூட்டைகள் நான்கை ஆக்சிலுக்கு நேர் மேலே அடுக்கி, இறக்கத்தை இரு பக்கமும் மீண்டும் அளந்துகொள்ளுங்கள். இந்தக் கணக்கு முழுவதும் அந்த ஓர் அளவையே நம்பியிருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட வழிகளுக்கு வருகிறேன். 155/80 R13 டயரின் விட்டம் சுமார் 578 மி.மீ.; 145/80 R12 டயரின் விட்டம் சுமார் 537 மி.மீ. வித்தியாசம் 41 மி.மீ. என்று பார்க்கும்போது பெரிதாகத் தோன்றினாலும், ஆக்சிலின் மையத்துக்கு மேலே இருப்பது டயரின் பாதி மட்டுமே என்பதால், உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதியான 20 மி.மீ.தான். அதே 20 மி.மீ. தரையிலிருந்து வண்டி இருக்கும் உயரத்திலிருந்தும் குறைந்துவிடும். 12 அங்குல ரிம்மின் போல்ட் துளைகள் உங்கள் ஹப்புக்குப் பொருந்துமா என்பதும் தனிக் கேள்வி. பற்றாக்குறையில் பாதியைக்கூட ஈடுகட்டாத ஒன்றுக்காக இத்தனையையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பட்டை கூட்டுவது நம் பகுதியில் யாரும் முதலில் சொல்லும் யோசனை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிக்குப் பட்டை கட்டும் கைகள் பல டன் சுமைக்குப் பழகியவை. அங்கே அது சரியான வைத்தியம். 620 கிலோ வண்டியில் இன்னொரு பட்டையைச் சேர்த்தால் ஸ்பிரிங் இறுகிப்போய், சக்கரம் மேலே ஏற வேண்டிய இடத்தில் வண்டியே துள்ளத் தொடங்கும். துள்ளலின் அடி முழுவதும் பிளைவுட் இணைப்புகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் அடுப்பறைத் திருகுகளிலும் இறங்கும். உங்கள் பட்டைகள் தட்டையாகி வளைவிழந்து போயிருந்தால் மட்டும் மாற்றுங்கள். வளைவை ஏற்றித் தருவதாகச் சொல்லிக் கேஸ் விளக்கில் காய்ச்சித் தட்டும் இடத்தில் கொடுக்க வேண்டாம். முறையாகச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தாத பட்டை தன் உறுதியை இழந்துவிடும், சில மாதங்களில் மீண்டும் தொங்கும் அல்லது உடையும்.

கட்டை வைப்பதைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வண்டியில், இரண்டுக்கும் நடுவே கட்டை வைத்தால் உடல் உயரும் என்பது உண்மை. உங்கள் வண்டியில் பட்டை ஆக்சிலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கட்டை வைத்தால் ஆக்சில்தான் பட்டையிலிருந்து மேலே தூக்கப்பட்டு, சக்கரம் ஆங்கிளுக்கு இன்னும் நெருக்கமாகப் போகும். மரக்கட்டை என்றால் எந்த வண்டியிலும் கூடாது. அது நசுங்க நசுங்க, பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் யூ-போல்ட் தளர்ந்து, ஒருநாள் ஆக்சில் தன் இடத்தை விட்டு நகரும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, பட்டையை ஆக்சிலின் அடியிலிருந்து எடுத்து ஆக்சிலின் மேலே உட்காரவைப்பது. இதில் உடல் எவ்வளவு உயரும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்: ஆக்சிலின் உயரமும் பட்டை செட்டின் மொத்தத் தடிமனும் சேர்ந்த அளவு. ஒவ்வொரு பட்டையும் 6 மி.மீ. என்றால் நான்குக்கு 24, ஆக்சில் 50, ஆக மொத்தம் 74 மி.மீ. இருக்கும் 30-உடன் சேர்த்தால் 104 மி.மீ. ஆகிறது, தேவையான 85-ஐ விடச் சற்றுக் கூடுதல். பட்டையும் யூ-போல்ட் தகடும் ஆக்சிலுக்குக் கீழே தொங்காமல் மேலே போய்விடுவதால், வரப்பிலும் வேகத்தடையிலும் அடிபடும் பயமும் குறையும்.

இந்த வேலையில் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு, புதிதாக வெல்டிங் செய்யச் சோம்பி ஆக்சிலையே தலைகீழாகத் திருப்பிவிடுவது. பல டிரெய்லர் ஆக்சில்கள், சுமை ஏறியதும் சக்கரங்கள் நேராக நிற்பதற்காக நடுவில் மேல்நோக்கி மிக மெல்லிய வளைவுடன் செய்யப்பட்டிருக்கும். திருப்பினால் அந்த வளைவு கீழ்நோக்கிப் போய், சக்கரங்களின் மேற்பகுதி உள்ளே சாய்ந்து, டயரின் உள் ஓரம் மட்டும் விரைவில் தேய்ந்துபோகும். எனவே ஆக்சில் இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும். அதன் மேல் முகத்தில் புதிய இருக்கைத் தகடுகளைப் பற்றவைக்க வேண்டும். தகட்டின் நடுத்துளை, பட்டையின் சென்டர் போல்ட் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். வெல்டிங் ஆக்சிலின் நீளவாக்கில், தகட்டின் இரு ஓரங்களிலும் மட்டுமே ஓட வேண்டும். ஆக்சிலுக்குக் குறுக்காக ஓடும் வெல்டிங் அந்த இடத்தில் பிளவுக்கு வழி வைக்கும். பழைய இருக்கைகளை கேஸ் வைத்து வெட்டி எடுக்கத் தேவையில்லை, இடைஞ்சல் இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் கிளாம்பை மாட்டச் சொல்லுங்கள். அதைச் சக்கரத்திலோ ஹப்பிலோ மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளைக் கெடுத்துவிடும். பழைய யூ-போல்ட்கள் ஒரு முறை முறுக்கி நீண்டவை; புதியவற்றை வாங்கிவிடுங்கள். எல்லாம் பூட்டிய பிறகு, கொக்கியின் மையத்திலிருந்து ஆக்சிலின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவுகளும் 3 மி.மீ.-க்குள் ஒத்துவராவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே வரும்.

சேஸுக்கும், பட்டையின் முனையைத் தாங்கும் ஹேங்கருக்கும் நடுவே பாக்ஸ் பைப் சேர்த்து உயர்த்துவதும் ஒரு வழிதான். 50 மி.மீ. பைப் வைத்தால், இருக்கும் 30-உடன் சேர்த்து 80 மி.மீ. இடைவெளி கிடைக்கும், உங்கள் கணக்குக்கு அது கொஞ்சம் போதாது. மேலும் உயரமான ஹேங்கர்கள் வளைவுகளில் பக்கவாட்டு விசையைத் தாங்க, இரு பக்க ஹேங்கர்களுக்கும் இடையே குறுக்குச் சட்டம் கொடுத்தாக வேண்டும்.

இன்னும் வரைபட நிலையிலேயே இருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. டயருக்கு மேலே பலகை மட்டும் இருந்து சட்டம் ஏதும் ஓடாவிட்டால், பலகையை வெட்டி, தகட்டில் ஒரு சக்கரப் பெட்டி அடித்து, அதைக் கட்டிலின் அடியில் மறைத்துவிடுவதே எல்லாவற்றிலும் சிறந்தது. வண்டி தாழ்வாகவே இருக்கும். உங்கள் வண்டியில் ஆங்கிள் குறுக்கே ஓடுவதால் அந்த வாய்ப்பு இல்லை. சக்கரப் பெட்டிக்காக ஆங்கிளை வெட்டுவது முதுகெலும்பை வெட்டுவதற்குச் சமம்.

மேல் இடைவெளியைக் கவனிக்கும் பலர் பக்கவாட்டை மறந்துவிடுகிறார்கள். ஒரு சக்கரம் மட்டும் 60 மி.மீ. ஏறும்போது ஆக்சில் சாய்கிறது; இரு சக்கரங்களுக்கும் இடையில் 1,300 மி.மீ. இருந்தால், ஏறிய சக்கரத்தின் உச்சி சுமார் 13 மி.மீ. உள்நோக்கி வரும். ஷாக்கிளின் (பட்டையின் ஒரு முனையைச் சேஸுடன் இணைக்கும், ஆடும் இணைப்பு) தளர்வையும் சேர்த்து, டயரின் உள்பக்கத்துக்கும் சேஸுக்கும் இடையில் குறைந்தது 30 மி.மீ. விடுங்கள். பட்டை அமுங்கும்போது நீள்வதால், ஷாக்கிள் பின்னால் இருக்கும் வண்டியில் ஆக்சில் சில மில்லிமீட்டர் பின்னுக்கும் நகரும். எனவே சக்கரத்துக்கு முன்னால் இருப்பதைவிடப் பின்னால் சற்றுக் கூடுதல் இடம் இருப்பது நல்லது.

பட்டையை மேலே மாற்றிய பிறகு, இதுவரை ஆக்சில் நெருங்கிய சேஸ் சட்டத்தை இனி யூ-போல்ட் தகடும் நட்டுகளும் நெருங்கும். அந்த இடைவெளியையும் அளந்து, சேஸின் அடியில் ரப்பர் பம்ப் ஸ்டாப் ஒன்றைப் பொருத்துங்கள்: முழுச் சுமை நிலையிலிருந்து 60 மி.மீ. ஏறியதும் அது தொட வேண்டும், 80-க்குள் முழுவதுமாக அமுங்கி நிறுத்த வேண்டும். எதிர்பாராத பெரிய பள்ளத்தில் டயர் ஆங்கிளைத் தொடாமல் காப்பது அந்த ரப்பர்தான்.

உயர்த்தியதற்கு ஒரு விலை உண்டு. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருந்தது என்றால், இப்போது சுமார் 82 ஆகிறது. வளைவில் கவிழாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கேஸ் சிலிண்டர் மூன்றும் தரை மட்டத்தில் ஆக்சிலை ஒட்டியே இருக்கட்டும். கூரையின் மேல் கேரியர் போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

அடுத்தது கொக்கியின் உயரம். ஆக்சில் பக்கம் 74 மி.மீ. உயர்ந்து காரின் பக்கம் அதே உயரத்தில் இருந்தால், டிரெய்லர் மூக்கைத் தாழ்த்தி நிற்கும். கொக்கியிலிருந்து ஆக்சில் வரை 2.2 மீட்டர் என்றால் சாய்வு சுமார் 2 பாகை. சிறிது தாழ்ந்திருப்பது நல்லதே, ஆனால் இது அதிகம். காரின் கொக்கியில் பூட்டும் கப்ளர் இப்போது இழுவைச் சட்டத்தின் மேலே பூட்டப்பட்டிருந்தால், அதைச் சட்டத்தின் அடிப்பக்கத்துக்கு மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். பிறகு கொக்கியின் மேல் விழும் எடையை மீண்டும் நிறுத்துப் பாருங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கையொட்டி இருக்க வேண்டும். வெகுவாகக் குறைந்தால் வண்டி வேகத்தில் வாலை ஆட்டும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. எனவே தார்ச்சாலையில் இறக்குவதற்கு முன் பதிவு தேவை. பதிவுக்குப் பிறகு அமைப்பில் மாற்றம் செய்ய அனுமதி பெற வேண்டியிருப்பதால், இந்தப் பட்டை வேலையை அதற்கு முன்பே முடித்துக்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் என்னென்ன ஆவணங்கள் கேட்பார்கள் என்பதை இப்போதே விசாரித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் சேஸைத் தாங்குகால்களில் நிறுத்தி, ஜாக்கியால் ஆக்சிலை முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், பிறகு இரு பக்கமும் பம்ப் ஸ்டாப் அமுங்கும் வரை தூக்கி, டயரைச் சுற்றிலும் கைவிட்டுப் பாருங்கள். இலகு வண்டியில் பட்டை முழுதாக அமுங்குவதற்குள் சேஸ் தாங்குகாலை விட்டு எழும்பத் தொடங்கினால், தூக்குவதை அங்கேயே நிறுத்திவிட்டு, சிமென்ட் மூட்டைகளை ஏற்றிய பிறகு தொடருங்கள். அதன் பின் ஆங்கிளின் அடியில் பிசைந்த களிமண்ணை இரண்டு விரல் தடிமனுக்கு ஒட்டி, முழுச் சுமையுடன் அதே வரப்புப் பாதையில் மெதுவாக ஓட்டுங்கள். டயர் எவ்வளவு நெருங்கியது என்பதைக் களிமண் காட்டும். இதுவரை உரசிய டயர்களின் தோளில் வெட்டோ நூலிழையோ தெரிந்தால் அவற்றை மலைப்பாதைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட் நட்டுகளை மறுபடியும் முறுக்கி, இடைவெளியை இன்னொரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.