கைநாட்டு வாசகர்கள்

அன்புள்ள அக்கா,

என் மகள் மும்பை செம்பூரில் ஒன்பதாவது படிக்கிறாள். அவளுடைய உயர்நிலைப் பள்ளியில் இந்த ஆண்டு எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படிப்பது என்று ஒரு திட்டம். எட்டு முதல் பத்து வரை மாணவர்கள், ஆசிரியர்கள், ஆபீஸ் ஊழியர்கள், வாட்ச்மேன், பெற்றோர் எல்லோரும் உண்டு. தீபாவளி விடுமுறைக்குள் படித்துவிட்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை கூடிப் பேச வேண்டும். ஆங்கில நாவல், விலை 350 ரூபாய். குடிகார அப்பா அம்மாவை அடிக்கும் காட்சி அதில் வருகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் சில பெற்றோர் சண்டை போடுகிறார்கள். எங்கள் வீட்டில் நான், கணவர், மகள் மூன்று பேரும் படிக்கிறோம். மாமியார் கைநாட்டு, அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன நாவல் ஒன்றைச் சொல்லும்படி தலைமையாசிரியை என்னிடம் கேட்டிருக்கிறார். எதைச் சொல்லட்டும்? இப்படி ஒரே புத்தகத்தை ஊரே படிப்பதில் பயன் உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்திருக்கிறேன். இதே விஷயம் சில மாதங்களாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதால் மற்ற கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு எழுதுகிறேன்.

முதலில் சின்ன விஷயங்கள். 350 ரூபாய் அதிகம் என்றால் நாலு வீட்டுக்கு ஒரு பிரதி போதும், கைமாற்றிப் படியுங்கள். அடிக்கும் காட்சிக்காகச் சண்டை போடும் பெற்றோரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அந்தக் காட்சி எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நான்சி பேர்ல் என்ற நூலகர் ஊர் முழுக்க ஒரே நாவலைப் படிக்கட்டும் என்று தொடங்கினார். 2001இல் சிகாகோ நகரம் செய்தது. அங்கிருந்து பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவிற்று. உங்கள் தலைமையாசிரியை அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்திருப்பார். நல்ல காரியம், அவரை வாழ்த்துகிறேன். ஆனால் நாம் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் இருக்கும் மகாராஷ்டிரத்தில் சப்தாகம் என்று ஏழு நாள் ஊர்கூடி ஞானேஸ்வரி பாராயணம் செய்கிறார்கள். கீதைக்கு ஞானேஸ்வரர் மராத்தியில் செய்த உரை அது, 1290இல் எழுதி முடித்த நூல். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் எழுந்து போவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நம் பக்கத்தில் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் படித்தார்கள். திண்ணையில் ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ராகம் போட்டுப் படிக்க, தெருவே கேட்டது.

இப்போது உங்களைக் கோபித்துக்கொள்ளப் போகிறேன். "மாமியார் கைநாட்டு, அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை." இதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? வாட்ச்மேனைச் சேர்த்த பள்ளி, ஆபீஸ் ஊழியரைச் சேர்த்த பள்ளி, உங்கள் வீட்டு வாசலில் தோற்றுப்போனது. அதைத் தோற்கடித்தது நீங்கள்.

நான் தாராவியில் வளர்ந்தவள். அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் மாட்டுங்காக் கடைகளுக்குக் கைமுறுக்கு சுற்றிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி. எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம். ஒருவருக்கும் எழுத்து தெரியாது. 1970களின் நடுவில் எனக்குப் பத்து வயது இருக்கும். தமிழ் வாரப் பத்திரிகை ஊரில் வந்து இரண்டு நாள் கழித்து எங்களுக்குக் கிடைக்கும். வந்த அன்று சாயங்காலம் என்னை நடுவில் உட்கார வைத்துவிடுவார்கள். நனைத்துப் பிழிந்த வேட்டித் துணி தரையில் விரித்திருக்கும். அரிசி மாவு, உளுந்து மாவு, எள், சீரகம் பிசைந்த வாசனை. எண்ணெய் தொட்ட விரல்கள் மாவைத் திருகித் திருகிச் சுற்றிக்கொண்டே போகும். கை வேலையில் இருக்கும், காது என்னிடம் இருக்கும். நான் தொடர்கதை படிப்பேன்.

ஒரு கதையில் கதாநாயகி புருஷன் வீட்டை விட்டு ராத்திரியில் கிளம்பி ரயில் ஏறிவிடுகிறாள். கதையின் பெயர் மறந்துவிட்டது. அந்த இடத்தில் பெரியம்மா ஒருத்தியின் கை நின்றுவிட்டது. நாலாவது சுற்று பாதியில் நிற்கிறது, மாவு காய்கிறது.

"ஏட்டி, அந்த எடத்த இன்னொருக்கா படி."

படித்தேன்.

"அவ கையில துட்டு இருந்துச்சா?"

கதையில் அது எழுதியிருக்கவில்லை. நான் மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். "துட்டு இல்லாம எப்படிட்டி வண்டியில ஏறுனா? டிக்கெட்டு யாரு எடுத்தா?" அவ்வளவுதான், அடுத்த வாரம் இதழ் வரும்வரை அதே பேச்சு. தாலியை அடகு வைத்திருப்பாள் என்றாள் ஒருத்தி. அடுக்களைப் பானையில் சேர்த்து வைத்திருப்பாள் என்றாள் மதினி. அம்மா ஒன்றும் பேசாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அந்தப் பெரியம்மா கைக்குழந்தையோடு தனியாக மதராஸில் வண்டி மாறி பம்பாய்க்கு வந்தவள் என்று.

அந்தக் கதையை ஆயிரக்கணக்கான பேர் கண்ணால் படித்திருப்பார்கள். எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்கும்? எழுதியவருக்கே தோன்றவில்லையே! இன்றுவரை என் கதைகளில் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்பினால் அவள் முந்தானையில் எவ்வளவு முடிந்திருந்தாள் என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். எனக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தவள் அந்தக் கைநாட்டுப் பெரியம்மா.

நான் படித்த பள்ளியிலும் புத்தகம் இருந்தது. கண்ணாடி அலமாரி, பூட்டு, சாவி ஆசிரியரின் மேசை இழுப்பறையில். ஏழு வருடத்தில் அதை இரண்டு முறைதான் திறந்து பார்த்திருக்கிறேன், இரண்டும் இன்ஸ்பெக்ஷன் நாள். நான்டீடெயில் நாவல் ஒன்று உண்டு. சிறுகுறிப்பு வரைக, பாத்திரப் படைப்பை விளக்குக என்று அதைக் கொன்று எடுத்தார்கள். உங்கள் தலைமையாசிரியையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: அந்தச் சனிக்கிழமைக்கு ஒர்க் ஷீட் கூடாது, மதிப்பெண் கூடாது.

கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைப் பத்திரிகையும் நாவலும் படிக்க உட்கார வைப்பார்கள். அவர் பங்குக்கான பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இலிருந்து இந்த வழக்கம் உண்டு. படிப்பவருக்குத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். தங்கையே, கேட்பதற்குக் கூலியில் பங்கு கொடுத்திருக்கிறார்கள்! உங்கள் மாமியார் ஒரு பைசா கேட்கப் போவதில்லை.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்பீர்கள். உங்கள் மகள் எதற்கு இருக்கிறாள்? அவள் ஒரு பக்கம் படித்துவிட்டு அதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். சில இடத்தில் தமிழ் வராது, திக்குவாள். அந்தத் திக்கலில்தான் வரி உள்ளே என்ன சொல்கிறது என்று அவளுக்கு முதல்முறையாகப் புரியும். பாட்டி குறுக்கே கேட்பார், கதையை விட்டு வேறெங்கோ போவார், தன் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லுவார். தடுக்காதீர்கள். அந்த அடிக்கும் காட்சியை மட்டும் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள். அங்கே அவர் பேசினாலும் பேசுவார், எழுந்து போனாலும் போவார். இரண்டையும் மகள் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 15, அப்துல் கலாம் பிறந்த நாளை, உங்கள் மாநிலத்தில் 2015 முதல் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று ஆரம்பியுங்கள். டிவியை அணைத்துவிட்டு, அவர் கையில் உரிக்கப் பூண்டோ ஆயக் கீரையோ இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஒரு நாளைக்கு அரை மணி போதும். நவம்பர் சனிக்கிழமை அவரையும் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், முன் வரிசையில் உட்கார வையுங்கள். ஆங்கிலத்தில் பேசுவார்களே என்று அவர் தயங்குவார். மகள் பக்கத்தில் இருந்து சொல்லட்டும்.

எந்த நாவலைச் சொல்லட்டும் என்று கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். மனதில் மூன்று நாலு வைத்திருப்பீர்கள் அல்லவா, ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பக்கத்தை மாமியாருக்குத் தமிழிலேயே படித்துக் காட்டுங்கள். மறுநாள் அவராகவே வந்து "அந்தப் பிள்ளை அப்புறம் என்ன ஆனா?" என்று எதைப் பற்றிக் கேட்கிறாரோ அதைத் தலைமையாசிரியையிடம் சொல்லுங்கள். அவர் என்ன கேட்டார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா