போர்ப் படத்தில் ‘யுஏ 16+’ என்று இருந்தால் 14 வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா?

‘யுஏ 16+’ என்றால், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்ப்பதா வேண்டாமா என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவெடுங்கள் என்று தணிக்கை வாரியம் சொல்லும் எச்சரிக்கை. பழைய யுஏ சான்றிதழைத்தான் 2023 சட்டத்திருத்தம் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது.

நான் ரத்தத்தின் அளவைப் பார்ப்பதில்லை, அது எவ்வளவு நெருக்கத்தில் காட்டப்படுகிறது என்றே பார்ப்பேன். அலங்காநல்லூரில் மேடையில் உட்கார்ந்து காளையைப் பார்ப்பதும், வாடிவாசல் ஓரத்தில் நின்று பார்ப்பதும் ஒன்றா? காளை என்னவோ அதேதான். நல்ல போர்ப் படம் கேமராவையும் சத்தத்தையும் வைத்து நம்மை வாடிவாசலுக்கே இழுத்துவிடும்.

ஒன்பதாவது படிக்கும் அக்கா மகனை மதுரையில் அப்படியொரு படத்துக்குக் கூட்டிப்போனேன். அடிபட்ட சிப்பாய் அம்மாவைக் கூப்பிட்டதும் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டான். பெரியார் நிலையம் வரை பேச்சே இல்லை. பஸ் ஏறியதும், “மாமா, அவனுக்கு என்ன வயசு இருக்கும்?” என்றான். அவனுக்கு அந்தப் படம் சரிதான். ராத்திரி திடுக்கிட்டு எழும் பிள்ளை என்றால் கூட்டிப்போயிருக்க மாட்டேன். (சாவைக் கைதட்டலுக்காகக் காட்டும் படம்தான் எனக்குப் பயம், அதில் ரத்தமே இல்லாவிட்டாலும்.)

முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

பலர் நினைப்பதுபோல் ‘16+’ தியேட்டர் வாசலில் தடுக்கும் தடை அல்ல. 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பது ‘ஏ’ சான்றிதழுக்குத்தான்.