கடற்காற்று வீசும் ராமநாதபுரம் கரையிலும் பிஎம் 2.5 மாசு இருக்குமா?

இருக்கும். பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் நுண்துகள். மாவு சலிக்கும்போது கப்பி சல்லடையில் தங்கும், நைசான மாவு இறங்கிவிடும். அப்படித்தான் பெரிய தூசியை மூக்கு பிடித்துவிடுகிறது. இதுவோ நுரையீரலின் ஆழம் வரை போய், ரத்தத்திலும் கலக்கிறது.

முக்கியக் காரணம் எரிப்புதான்: அனல்மின் நிலையம், செங்கல் சூளை, டீசல் வண்டி, குப்பை. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது விறகடுப்பு. நாட்டளவில் பெரிய பங்கு அதற்கு உண்டு, பாதிப்பும் வீட்டுக்குள்ளேயே. நம் பக்கம் சீமைக்கருவேலக் கரிமூட்டப் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், நிலக்கரிப் புகையின் கந்தக வாயு காற்றிலேயே துகளாக மாறி வெகுதூரம் பயணிக்கும். மழை குறைந்த குளிர்மாதங்களில் வடகிழக்குக் காற்று அதை வங்கக்கடல் தாண்டியும் கொண்டுவரும்.

பல ஆண்டுகள் ஏறிவந்த அளவு, அண்மைக் காலத்தில் சில நகரங்களில் சற்று இறங்கியிருக்கிறது. 2019இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. ஆனாலும் இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பே கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5தான்.

கண்ணில் உறுத்தும் புழுதியும் உப்புக் காற்றும்தான் இந்த மாசு என்று பலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் பெரிய துகள்கள், பிஎம் 2.5இல் அவற்றின் பங்கு எரிப்பைவிடக் குறைவுதான்.