ஈ.எஸ்.பி. விளக்கு வருகிறது, போகிறது: வாசகர் கேள்விகள்

மழை தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பாதி கார் டாஷ்போர்டில் வரும் இந்த மஞ்சள் ஈ.எஸ்.பி. விளக்கைப் பற்றியே இருக்கின்றன. ஈ.எஸ்.பி. என்பது கார் சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடித்து நேராக்கும் அமைப்பு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வால்பாறை ஏறும்போது ஈரமான கொண்டை ஊசி வளைவுகளில் விளக்கு இரண்டு மூன்று நொடி சிமிட்டிவிட்டு அணைகிறது. பழுதா? (பொள்ளாச்சி)

இல்லை. சிமிட்டினால் ஈ.எஸ்.பி. வேலை செய்கிறது என்று அர்த்தம். விடாமல் எரிந்தால்தான் பழுது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் சிமிட்டுகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள், டயர் பட்டன் எவ்வளவு மிச்சம் என்றும் பாருங்கள்.

கேள்வி: என் காரில் ஈ.எஸ்.பி. விளக்கு அவ்வப்போது எரிகிறது. என்ன பார்ட் மாற்ற வேண்டும்? (ஈரோடு)

என்ன கார், எந்த வருடம், ஸ்டார்ட் செய்ததும் எரிகிறதா, ஓட்டும்போதா, கூட ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கோ என்ஜின் விளக்கோ வருகிறதா, எதுவும் எழுதவில்லை. இதை வைத்து நான் ஒரு பார்ட் பெயரைச் சொன்னால் உங்கள் பணம்தான் வீணாகும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வருகிறது. அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் போய்விடுகிறது. பேட்டரிக்கு நாலு வயது. (திருச்சி)

பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. இரவெல்லாம் நின்ற பேட்டரி 12.5 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போனால் சந்தேகம்தான். புதுசு வாங்கும் முன் டெர்மினலையும் பாடியில் பிடித்திருக்கும் எர்த் வயரையும் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டியரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடிக்கும்போதும், சில வேகத்தடைகளிலும் ஈ.எஸ்.பி., ஏ.பி.எஸ். இரண்டும் சேர்ந்து எரிகின்றன. வொர்க்‌ஷாப்பில் இரண்டு முறை கோடை (கார் தன் பழுதைப் பதிந்துவைக்கும் எரர் கோடு) அழித்துக் கொடுத்தார்கள். இப்போது ஏ.பி.எஸ்.ஸை இயக்கும் யூனிட்டையே மாற்ற வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். (மதுரை)

மாற்றாதீர்கள். முதலில் ஒன்று கேளுங்கள்: அழித்த கோடு என்ன? பில்லில் எழுதியிருக்கிறதா? இருக்காது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். விட்டு விட்டு வரும் பழுது நாம் பார்க்கும் நேரத்தில் வராது. அது வந்தபோது நடந்ததற்கு யூனிட்டில் பதிந்த கோடுதான் ஒரே சாட்சி. எந்தச் சக்கரம் என்பது அதில் இருக்கும். பல கார்களில் அப்போதைய வேகமும் வோல்ட்டேஜும்கூடப் பதிவாகியிருக்கும். அதைப் படிக்காமல் அழிப்பது வைத்தியம் அல்ல, தடயத்தை ஒழிப்பது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பதும் அதே தவறுதான்.

நீங்கள் சொல்லும் அறிகுறி வயரைக் காட்டுகிறது. முன் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு சென்சார் வயர், ஸ்டியரிங் ஒடிக்கும்போதெல்லாம் வளைகிறது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதும் வளைகிறது. சில வருடத்தில் மேலே ரப்பர் நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். நேராக இருக்கும்போது தொடும், ஒடித்தால் விடும். கோடு படிக்கும் கருவியான ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒன்றாக வைத்து, ஆளில்லாத மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும். ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அதுதான். என்னிடம் வந்த ஒரு காரில் வேறிடத்தில் இரண்டு சென்சார் மாற்றியிருந்தார்கள். வீல் ஆர்ச்சுக்குள் இருந்த கனெக்டரைக் கழற்றினால் உள்ளே உலோகப் பின்கள் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு கனெக்டரோடு வேலை முடிந்தது. கோடை எழுதி வாங்காமல் அழிக்க விடாதீர்கள்.

கேள்வி: பின் சக்கர பேரிங் மாற்றினேன். அன்றிலிருந்து வண்டி நகர்ந்ததும் விளக்கு வருகிறது. (சேலம்)

பெரும்பாலும் பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் ஸ்பீடு சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். சிறு பேப்பர் கிளிப்பை மெல்லக் கொண்டுபோனால் காந்தப் பக்கம் இழுக்கும். பேரிங்கை அழுத்தி ஏற்றும் முன் பார்க்க வேண்டிய வேலை இது. இனி அந்த பேரிங்கைக் கழற்றினால் பெரும்பாலும் மறுபடி போட முடியாது.

கேள்வி: எண்ணூறு ரூபாய்க்கு புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். கோடே இல்லை என்கிறது. (தாம்பரம்)

அந்த விலைக் கருவிகள் பெரும்பாலும் என்ஜின் கோடைத்தான் படிக்கும். ஈ.எஸ்.பி. கோடுகள், பெரும்பாலும் சி, யு எழுத்தில் தொடங்குபவை, ஏ.பி.எஸ். யூனிட்டில் இருக்கின்றன. அதற்குள் போகும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். போனதும் கோடைப் போட்டோ எடுத்த பிறகே எதையும் அழுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: வீல் அலைன்மென்ட் செய்த பிறகு நேர் ரோட்டிலேயே விளக்கு எரிகிறது. ஸ்டியரிங் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. (கோவை)

ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஆங்கிள் சென்சாரின் பூஜ்யம் தவறியிருக்கும். ஸ்டியரிங்கை நேராக்கி மறுபடி அலைன்மென்ட் செய்து, பிறகு அந்தச் சென்சாருக்குக் காலிபரேஷன் (பூஜ்யத்தை மறுபடி பதிவது) செய்யச் சொல்லுங்கள். அதுவரை வேகம் வேண்டாம், நீங்கள் திருப்பாமலே வளைவதாக நினைத்து ஈ.எஸ்.பி. பிரேக் பிடிக்கலாம்.

கேள்வி: ஈ.எஸ்.பி. விளக்கோடு க்ரூஸ் கன்ட்ரோலும் (வேகத்தைத் தானே ஒரே சீராக வைக்கும் வசதி) சில நாள் வேலை செய்வதில்லை. (ஓசூர்)

முதல் சந்தேகம் பிரேக் பெடல் மேலே உள்ள ஸ்விட்ச். பிரேக் மிதித்ததை இரண்டுக்கும் சொல்வது அதுதான். சில நூறு ரூபாய்தான். பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் லைட் ஒவ்வொரு முறையும் எரிகிறதா என்று இன்றே பாருங்கள்.