எங்கோ நடக்கும் போர், இங்கே ஏறும் விலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

போர்கள் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சொன்னதும் நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாரிமுனையில் கப்பல் சரக்கு அனுப்பும் தொழிலில்தான் என் காலம் போனது. அதனால் எந்தப் போரைப் பார்த்தாலும், அந்த இடத்தின் வழியாக என்ன போகிறது, அதை நம்பி யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி (பெரம்பூர்): சார், 2022ல் உக்ரைனில் சண்டை வந்ததும் சன்ஃபிளவர் ஆயில் விலை ஏறியது புரிகிறது. பாமாயில் ஏன் கூடவே ஏறியது? அது இந்தோனேசியா, மலேசியாவிலிருந்துதானே வருகிறது?

பதில்: நீங்கள் கேட்டதில்தான் முழு விஷயமும் இருக்கிறது அம்மா. நாம் இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனுடையது, அடுத்த இடம் ரஷ்யாவுக்கு. பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கி ஒடெசா பக்கத்துத் துறைமுகங்கள் அடைபட்டதும், உலகம் முழுக்க வாங்குபவர்கள் பாமாயில் பக்கம் திரும்பினார்கள். ஏற்கெனவே எண்ணெய் விலையால் திணறிக்கொண்டிருந்த இந்தோனேசியா, சொந்த மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஏப்ரல் 28 முதல் பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது, அது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தது. மே 13 அன்று நாமும் கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தோம். இதற்கிடையில் ரஷ்ய, உக்ரைன் கோதுமையை நம்பியிருந்த எகிப்து வேறு ஆளைத் தேடி அலைந்தது. சண்டை ஒரு நாட்டில் நடந்தது, ஆனால் பயந்துபோன ஒவ்வொரு அரசும் தன் கதவைச் சாத்தச் சாத்தத்தான் உங்கள் மளிகைக்கடை வரைக்கும் விலை வந்து சேர்ந்தது. ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் பேசித் தானியக் கப்பல்களுக்கு வழி வாங்கின, ஒரு வருடம் கழித்து ரஷ்யா அதிலிருந்து விலகிக்கொண்டது.

கேள்வி (அண்ணா நகர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்): சமீப காலத்தில் உலகத்தை அதிகம் மாற்றிய வட்டாரப் போர் எது சார்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

பதில்: 1973 அக்டோபர் போர். எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின, மூன்று வாரத்துக்குள் முடிந்த சண்டை. ஆனால் இஸ்ரேலுக்கு உதவிய நாடுகளுக்கு எண்ணெய் இல்லை என்று அரபு நாடுகள் அறிவித்தன, உற்பத்தியையும் குறைத்தன. பீப்பாய் சுமார் 3 டாலரில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பணக்கார நாடுகள் அவசரத்துக்கு எண்ணெய் சேமித்து வைக்கும் ஏற்பாடும், சர்வதேச எரிசக்தி முகமையும் (1974) அதற்குப் பின் வந்தவை.

தேர்வுக்காக இன்னொன்றும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து நம் ஆட்கள் அனுப்பிய பணம் அடிபட்டது, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அரசின் கடன் சுமை அதற்கு முன்பே கழுத்து வரை இருந்ததால், 1991ல் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடமானம் வைத்தது. அந்த ஜூலையில் தொடங்கிய தாராளமயத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படிக்கும்போது குவைத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி (ஆம்பூர், தோல் ஏற்றுமதி): செங்கடலில் சில கப்பல்களைத்தான் தாக்கினார்கள். எங்கள் சரக்கு ஏன் மாதக்கணக்கில் தாமதமாகப் போனது அண்ணா?

பதில்: காஸா போரைக் காரணம் காட்டி, ஏமனில் இருக்கும் ஹூதி என்ற ஆயுதக் குழுவினர் 2023 நவம்பர் 19 அன்று ‘கேலக்ஸி லீடர்’ கப்பலைப் பிடித்தார்கள், அதன்பின் ஏவுகணைத் தாக்குதல்கள். எல்லாக் கப்பலையும் தாக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. காப்பீட்டுக்காரர் பயந்தால் போதும். அமைதிக் காலத்தில் போர் ஆபத்து பிரீமியம் கப்பல் மதிப்பில் மிகச் சிறிய பங்கு. 2024 தொடக்கத்தில் அது ஒரு சதவீதத்தை நெருங்கியது. 10 கோடி டாலர் மதிப்புள்ள கப்பல் என்றால் ஒரே ஒரு தடவை கடந்துபோக ஏறக்குறைய 10 லட்சம் டாலர், அதுவும் மாலுமிகள் உயிரைப் பணயம் வைத்து. அதற்குப் பதில் ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே போகலாம் என்று பெரிய நிறுவனங்கள் முடிவெடுத்தன. ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். கப்பல் அங்கே சுற்றிக்கொண்டிருந்தால் திரும்பி வருவதும் தாமதம், அதனால் இங்கே காலி கண்டெய்னர் கிடைக்காது. கொழும்பில் மாற்றி ஏற்றும் இடத்திலும் சரக்கு தேங்கும். இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறித்தான் உங்கள் மாதக்கணக்கு வந்தது.

நீங்கள் எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும் வரைதான் உங்கள் செலவு) பேசியிருந்தால், ஃபிரைட் எனும் கப்பல் கட்டணம் வாங்குபவர் தலையில்தான், ஆனால் அவர் அடுத்த ஆர்டரில் விலையைக் குறைக்கச் சொல்லி அதை உங்களிடமே வாங்கிவிடுவார். சரக்கு அனுப்பும் முன் வங்கியில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனின் வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய கப்பல் நிறுவனங்கள் சில அந்தக் காலத்தில் நல்ல லாபமே பார்த்தன. நட்டப்பட்டது உங்களைப் போன்ற சிறிய ஏற்றுமதியாளர்கள், அப்புறம் எகிப்து. சூயஸ் கால்வாய் வருமானம் 2023ல் 1,000 கோடி டாலருக்கு மேல், 2024ல் சுமார் 400 கோடி. காஸா போரில் எகிப்து ஒரு குண்டு கூடப் போடவில்லை.

கேள்வி (வேளச்சேரி): போரால் லாபம் அடைந்த நாடு உண்டா?

பதில்: உண்டு. கொரியப் போரில் (1950–53) அமெரிக்க ராணுவம் கொடுத்த ஆர்டர்களால் ஜப்பான் தொழிற்சாலைகள் எழுந்து நின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அங்கிருந்து பிரிட்டனுக்குப் பஞ்சு வராமல் போக, பம்பாய் வியாபாரிகள் கொழித்தார்கள், 1865ல் போர் முடிந்ததும் அந்தச் சந்தை அப்படியே சரிந்தது. அந்த மாதிரி லாபத்தை நான் வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி (கும்மிடிப்பூண்டி முகாம்): ஐயா, உலகப் பாதிப்பு என்று பேசும்போது எண்ணெய், கோதுமை எல்லாம் வருகிறது, எங்கள் போரை யாரும் சொல்வதில்லை. நான் இங்கேயே பிறந்தவள்.

பதில்: உண்மைதான் மகளே. இலங்கையில் ஏற்றுமதி நின்று உலகம் தவிக்கும்படியான ஒரு பொருள் இல்லை, அதனால் சந்தைக்கு அந்தப் போர் கண்ணில் படவில்லை. ஆனால் மனிதர்களை வைத்துப் பார்த்தால் 1983 ஜூலைக்குப் பிறகு டொராண்டோ, லண்டன், பாரிஸ் என்று தமிழர் வாழும் நிலப்படமே மாறியது. இந்தியப் படை 1987 முதல் 1990 வரை அங்கே இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிவதற்கு முந்தைய கடைசி வாரங்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய மக்களை உலகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. முகாம்களின் பெயரை 2021ல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், சரி, ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. இங்கேயே பிறந்த பிள்ளைக்கு நாடு எது என்று கேட்கும் நிலை இருக்கும்வரை அந்தப் போர் முடிந்ததாக என்னால் எழுத முடியாது.

கேள்வி (ராயபுரம்): நம்ம சென்னை நேரடியாக அடி வாங்கியிருக்கிறதா?

பதில்: முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கு ஒரு கல் இருக்கிறது. ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28 அன்று. பால்கனில் இரண்டு நாட்டுச் சண்டையாகத் தொடங்கியது இரண்டு மாதத்துக்குள் நம் கடற்கரைக்கு வந்துவிட்டது.

1942ல் ஜப்பான் பயத்தில் ஊரே காலியானது. அதைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. அந்த மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது, வங்காளத்தில் பிரிட்டிஷ் அரசு படகுகளையும் நெல்லையும் பறித்தது, அடுத்த ஆண்டு பஞ்சத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில்.

கேள்வி (தாம்பரம்): இப்போது நாங்கள் கவனிக்க வேண்டிய போர் எது? ஹோர்முஸ் பக்கமா?

பதில்: ஹோர்முஸை எல்லோரும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், 2024ல் உலகம் செலவழித்த எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போன, ஈரான் பக்கத்து நீரிணை அது. நான் சூடான் என்பேன். 2023 ஏப்ரல் 15 அன்று அந்நாட்டு ராணுவமும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படையும் மோதத் தொடங்கின. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள், பல லட்சம் பேர் ஏற்கெனவே வறுமையில் இருக்கும் சாடு நாட்டுக்குள். 2024 ஆகஸ்டில், மேற்கே டார்ஃபூர் பகுதியில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. குளிர்பானத்திலும் மாத்திரையிலும் சேரும் கம் அராபிக் என்ற வேல மரப் பிசின் உலகத்துக்குப் பெரும்பாலும் சூடானிலிருந்துதான் போகிறது, அது சண்டைக்கு நடுவிலும் கடத்தப்பட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. பிசினுக்கு வழி கிடைத்தது, டார்ஃபூருக்குள் போக வேண்டிய உணவு லாரிகள் எல்லையில் காத்துக் கிடந்தன. தமிழில் இது பற்றி வரும் செய்தி மிகவும் குறைவு, அடுத்த முறை இதையே தனியாகக் கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.