கோல்ஃப் மியூசியம் பார்க்க ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: எடின்பரோவில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் கோவையிலிருந்து அப்பா வருகிறார். முப்பது வருடம் ஒரு கோல்ஃப் கிளப்பில் கணக்கு எழுதியவர். ஒருநாள்கூட மட்டையைத் தொட்டு ஆடியதில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் கோல்ஃப் மியூசியத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். ஒரு டிராவல் ஏஜென்டைக் கேட்டேன். "உறுப்பினர் சிபாரிசு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மியூசியம், ஓல்ட் கோர்ஸ் என்ற பழைய மைதானத்தின் நுழைவு இரண்டும் சேர்த்து ஆளுக்கு 180 பவுண்ட். இந்த வாரமே கட்டிவிடுங்கள்" என்கிறார். கட்டலாமா? ஒன்பது வயது மகனும் வருவான்.

பதில்: கட்டாதீர்கள். மியூசியத்துக்கு யார் சிபாரிசும் வேண்டாம். வாசலில் போய் டிக்கெட் வாங்கலாம், அவர்களுடைய சொந்த இணையதளத்திலும் வாங்கலாம். பெரியவர்களுக்கே 20 பவுண்டுக்குள்தான் வரும்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் பின்னால் கம்பீரமாக ஒரு கல் கட்டிடம் நிற்கும். 1854-இல் கட்டிய ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் ஹவுஸ் அது. அதற்குள் வெளியாட்கள் போக முடியாது. மியூசியம் அதற்கு எதிர்ப்புறம், கடலைப் பார்த்தபடி தாழ்வாக இருக்கும் வேறொரு கட்டிடம். ஏஜென்ட்கள் கிளப்பின் விதியைத் தூக்கி மியூசியத்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்று: 1990-இல் திறந்தபோது இதற்குப் பெயர் பிரிட்டிஷ் கோல்ஃப் மியூசியம். 2021-இல் புதுப்பித்து ஆர் அண்ட் ஏ வேர்ல்ட் கோல்ஃப் மியூசியம் என்று மாற்றினார்கள். இந்த இரண்டு பெயரையும் தனித்தனி இடங்களாகக் காட்டி ஒரு குடும்பத்திடம் இரண்டு முறை பணம் வாங்கிய ரசீதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

'ஓல்ட் கோர்ஸ் நுழைவு' என்று ஒன்று கிடையவே கிடையாது. அது ஊருக்குச் சொந்தமான பொது மைதானம். ஆடத்தான் கட்டணம், பார்க்க இல்லை. முதல் ஆட்டப் பாதைக்கும் கடைசியான பதினெட்டாவது பாதைக்கும் குறுக்கே கிரானி கிளார்க்ஸ் விண்ட் என்ற பொதுவழியே போகிறது. பந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு யாரும் கடக்கலாம். ஆட விரும்புகிறவர்கள்தான் இரண்டு நாள் முன்னால் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அந்த விதிகளைச் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்? எத்தனையோ பேர் கேட்டாயிற்று. அந்தக் குழப்பத்தை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். உங்கள் அப்பா ஆடப்போவதில்லை, ஆகவே குலுக்கல் கவலையும் உங்களுக்கு வேண்டாம்.

சரி, எந்த நாள் போவது? ஞாயிற்றுக்கிழமை போங்கள். அன்று ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் இல்லை. ஊர்க்காரர்கள் பூங்காவில் நடப்பதுபோல் நடப்பார்கள். ஆட்டக்காரர்களுக்கு வேண்டாமென்றாலும் தரைக்கு ஓய்வு வேண்டும் என்று அந்தக் காலத்தில் இந்த மைதானத்தைப் பராமரித்த ஓல்ட் டாம் மோரிஸ் சொன்னதாகச் சொல்வார்கள். பதினெட்டாவது பாதையில் ஓடையின் மேல் இருக்கும் சின்னக் கல்பாலம்தான் ஸ்வில்கன் பாலம். அதன்மேல் அப்பாவை நிறுத்தி நிதானமாகப் படம் எடுக்கலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய போட்டி நடந்தால் ஞாயிறும் ஆட்டம்தான். ஓபன் சாம்பியன்ஷிப் இந்த ஊருக்கு வரும் வருடங்களில் ஜூலையில் அப்படி ஆகும். கடைசியாக 2022-இல் வந்தது, அடுத்து 2027. அது போக டன்ஹில் லிங்க்ஸ் போட்டி வருடாவருடம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரவாக்கில் நடக்கும். அதன் இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை இதே மைதானத்தில். அந்த வாரங்களில் பாலத்தின் பக்கமே போக முடியாது, ஓட்டல் வாடகையும் எகிறிவிடும். ஆகஸ்டில் உங்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. ஆனால் அப்பாவின் பயணம் தள்ளிப்போனால் முதலில் போட்டித் தேதியைப் பாருங்கள், அப்புறம் ரயில் டிக்கெட் போடுங்கள்.

ரயில் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. இவ்வளவு பேர் வரும் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. 1969-இல் பாதையை மூடியவர்கள் இன்றுவரை திருப்பித் தரவில்லை. எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்குங்கள், சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து 99-ஆம் எண் பஸ். ஞாயிறன்று வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். இதற்கும் ஒரு தரகர் தனி கார் விற்க வருவார்.

மியூசியத்துக்குள் அவசரப்படாமல் பந்துகள் இருக்கும் பகுதியில் நில்லுங்கள். தோலைத் தைத்து, உள்வெளியாகத் திருப்பி, சின்ன ஓட்டை வழியே ஒரு தொப்பி நிறைய வேகவைத்த வாத்து இறகைத் திணித்துச் செய்த அந்தக் காலத்துக் கோல்ஃப் பந்தைப் பாருங்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு உப்பும். கல் மாதிரி இறுகிவிடும். தையல் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கைதேர்ந்தவரே ஒரு நாளில் மூன்று நான்குதான் செய்வார், அதனால் விலை அதிகம். 1848 வாக்கில் மலாய் மரத்துப் பாலான கட்டாபெர்ச்சாவில் பந்து வந்தது. வெந்நீரில் போட்டு உருட்டினால் மறுபடி உருண்டையாகும், விலையும் கொஞ்சம். இறகு அடைத்த பந்தைச் செய்து பிழைத்த ஆலன் ராபர்ட்சனுக்கு இந்தப் புதுப் பந்து ஆகவில்லை. தன்னிடம் வேலை பார்த்த அதே டாம் மோரிஸ் அதை வைத்து ஆடினார் என்று தகராறு வந்து, மோரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக் ஊருக்கே போய்விட்டார். கிளப் கணக்கில் பந்துச் செலவு எழுதிய உங்கள் அப்பாவுக்கு இந்தக் கதை நம்மைவிட நன்றாகப் புரியும்.

பையனுக்குக் கண்ணாடிப் பெட்டிகள் சீக்கிரம் அலுத்துவிடும். பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்று மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி இருக்கிறது, 1867-இல் தொடங்கிய பெண்கள் சங்கத்துடையது. சின்னக் கட்டணத்தில் மட்டையும் பந்தும் தருவார்கள். பந்தைக் குழியில் உருட்டிவிட வேண்டியதுதான், யாரும் ஆடலாம். அப்பா கையிலும் ஒரு மட்டையைக் கொடுங்கள். சங்கத்தார் ஆடும் நேரம் போக மீதி நேரம்தான் பொதுமக்களுக்கு. அதனால் ஊரில் இறங்கியதும் முதலில் அங்கே போய் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பிறகு மியூசியத்துக்குள் நுழையுங்கள்.