மறதியே இல்லாத மறதி நோய்

கேள்வி: என் கணவருக்கு 57 வயது. ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டார். என் அம்மா இறந்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டார். உணவங்காடியில் பக்கத்து மேசைக்காரரின் தட்டிலிருந்து வடையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். இனிப்பைக் கண்டால் நிறுத்துவதே இல்லை. ஆனால் பேருந்து எண், வீட்டுக் கணக்கு எல்லாம் சரியாக ஞாபகம் இருக்கிறது. இப்போது சில சொற்களுக்கு அர்த்தமும் கேட்கிறார். மகன் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். இது திமிரா, நோயா டாக்டர்?
– ஈசூன் வாசகி

பதில்: திமிர் என்று முடிவுகட்டாதீர்கள் அம்மா. கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியாவோடு நிறையவே ஒத்துப்போகிறது. டிமென்ஷியாவை நாம் 'முதுமை மறதி' என்கிறோம், அந்தப் பெயரே இங்கே நம்மை ஏமாற்றிவிடும். ஏனென்றால் இது பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் வருகிறது, தொடக்கத்தில் ஞாபகமும் நன்றாகவே இருக்கும். முதலில் அடிவாங்குவது மூளையின் முன்பகுதியும் காதுக்கு மேலுள்ள பொட்டுப் பக்கமும்தான். கூச்சம், அடக்கம், அடுத்தவர் வலியை உணர்வது எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த வடையை எடுக்க உங்களுக்கும் எனக்கும்கூட ஆசை வரலாம், 'சே, வேண்டாம்' என்று உள்ளே ஒன்று பிடித்து நிறுத்துகிறதே, அவருக்கு அந்தப் பிடிதான் போயிருக்கிறது. தன்னிடம் மாற்றம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

சொற்களைப் பற்றி எழுதினீர்களே, அதைக் கவனியுங்கள். பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்பது எல்லோருக்கும் நடப்பது. "பூண்டு உரித்துக் கொடுங்கள்" என்றால் "பூண்டா, அப்படியென்றால் என்ன?" என்று தினமும் சமையல் செய்தவரே கேட்பது வேறு. அங்கே சொல்லின் பொருளே அழிந்துகொண்டிருக்கிறது. வேறு சிலருக்குப் பொருள் புரியும், பேச்சுதான் திக்கித் திணறி "நான்... கடை... போ..." என்று விகுதி இல்லாமல் உடையும். நடிகர் புரூஸ் வில்லிசுக்கும் 2022இல் பேச்சுக் குறைபாடு என்றுதான் முதலில் அறிவித்தார்கள், அடுத்த ஆண்டுதான் இந்த நோயின் பெயர் வெளிவந்தது.

சரி, என்ன செய்வது? பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்துவிட்டு எம்ஆர்ஐ எடுப்பார்கள். பத்து நிமிடம் டாக்டர் முன்னால் அவர் அழகாகப் பேசிவிடக்கூடும், அதனால் நடந்தவற்றைத் தேதியோடு எழுதிவைத்து நீங்கள் தனியாகக் கொடுங்கள். நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அல்சைமருக்குத் தரும் டொனெபெசில் இதற்கு உதவுவதில்லை, சிலருக்குப் படபடப்பைக் கூட்டவும் செய்யும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் நடத்தையை ஓரளவு தணிக்கும், பேச்சுப் பயிற்சியும் உண்டு.

வீட்டில் வாதாடாதீர்கள், அவரைத் திருத்த முடியாது, சூழலைத்தான் மாற்றலாம். இனிப்பைக் கண்ணில் படாமல் வையுங்கள், உணவங்காடிக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில் போய்ச் சுவரோரமாக உட்காருங்கள். வங்கி அட்டையில் வரம்பு போடுங்கள், கார் ஓட்டுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பின்னாளில் அவரால் முடியாதபோது அவருக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரத்தைத் தள்ளிப்போடவே வேண்டாம், புரிந்து கையெழுத்திடும் நிலையில் அவர் இருக்கும்போதுதான் அது செல்லும்.

அப்புறம், மகனையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஸ்கேன் படத்தை விளக்கும்போது மகனும் பக்கத்தில் இருக்கட்டும்.